நிலைப்படிக்குக் கம்பளி உருண்டைத் தோரணம்: நம்ம ஊருக்கு ஆகுமா?

தென்காசி வாசகியின் கேள்வி, 11.5.2024

கம்பளியை உருட்டி, கலர் கலராகக் கோத்து மாலையாக விற்கிறார்களே, ஃபெல்ட் பந்துத் தோரணம் என்று, அதை யாராவது வீட்டில் கட்டியிருக்கிறீர்களா? மகள் போனில் பார்த்துவிட்டாள், அன்றையிலிருந்து அதே பேச்சு. ஆறடி மாலைக்குத் தொள்ளாயிரம் ரூபாய் போட்டிருக்கிறது. கொலுவுக்கும் ஆகும், அப்புறம் நிலைப்படியிலேயே கிடக்கட்டும் என்கிறாள். கம்பளி நம்ம வெயிலுக்கும் சாரலுக்கும் தாங்குமா? நாமே வீட்டில் செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருநெல்வேலி வாசகியின் பதில், 12.5.2024, காலை

கட்டாதீங்க. எங்கள் தார்சாச் சுவர் இன்றைக்கும் ரோஜா நிறத்தில் இருக்கிறது.

எங்களுடையது திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்தில் பழைய வீடு. தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), அடுக்களை, அங்கணம் (பாத்திரம் கழுவுகிற இடம்) எல்லாம் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. 2023 தீபாவளிக்குப் பெங்களூர் மதினி இப்படி ஒரு மாலை வாங்கி அனுப்பினாள். சிவப்பு, வெள்ளை, பச்சை. அத்தை பார்த்துவிட்டு, "சீடையச் சாயத்துல முக்குனாப்ல இருக்கு" என்றாள். தார்சா அழியில் (கம்பித் தடுப்பில்) கட்டினேன். டிசம்பர் 17, 18-இல் அந்த மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை. எங்கள் சந்துக்குள் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை, ஆனால் இரண்டு நாள் சாரல் தார்சாவுக்குள் அடித்தபடி இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் ஒவ்வொரு சிவப்பு உருண்டைக்கும் கீழே ஒரு கோடு, தரை வரைக்கும். அவசரப்பட்டு ஈரத் துணியால் துடைத்தேன். கோடெல்லாம் ஒன்றாகி முழுச் சுவரும் ரோஜா.

தொள்ளாயிரம் ரூபாய் கொள்ளை. மாவிலை இருக்கையில் இது எதற்கு?

12.5.2024, இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறேன். தப்பு கம்பளி மேல் இல்லை. சாயம் சரியாக ஏறாத உருண்டை, அதைச் சாரல் அடிக்கிற இடத்தில் கட்டிய ஆள் நான். உருண்டைகள் என்னவோ சிதையவே இல்லை. பிழிந்து நிழலில் போட்டேன், இரண்டு நாளில் காய்ந்து பழைய உருவத்துக்கு வந்துவிட்டன. நிறம் மட்டும் சோகை பிடித்த மாதிரி.

வாங்குகிறவர்கள் இதை மட்டும் செய்து பாருங்கள்: வெள்ளைத் துணி ஒரு துண்டை நனைத்து, சிவப்பு உருண்டையைச் சுற்றி இறுக்கிப் பிடித்து நூறு எண்ணுங்கள். துணியில் நிறம் வந்தால் அது வீட்டுக்குள் தொங்க மட்டும்தான் லாயக்கு.

19.5.2024

நானே செய்து பார்ப்பது என்று இறங்கிவிட்டேன். கேட்டவர் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார், மாட்டிக்கொண்டது நான்.

ஃபேன்ஸி ஸ்டோரில் உல்லன் நூல் நாலு கலரில் வாங்கி, பிரித்து, பஞ்சாக்கி, சோப்புத் தண்ணீரில் முக்கி உருட்டினேன். அரை மணி நேரம். கையில் இருந்தது நனைந்த நூல்குவியல். காய்ந்ததும் அவிழ்ந்து பழையபடி பஞ்சு. மூன்று தடவை. சின்னவள் (பதினொரு வயது) வந்து பார்த்துவிட்டு, "இது பூனை கக்குன மாதிரி இருக்கும்மா" என்று போய்விட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. கடையில் உல்லன் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். பிளாஸ்டிக் குடும்பம். நம்ம அம்மாக்கள் குஞ்சம் வைத்துப் பின்னிய நிலைமாலை எல்லாம் அதில்தான், குஞ்சத்துக்கு அது நல்ல சரக்கு. உருண்டைக்கு ஆகாது.

கண்டுபிடிக்க வழி: ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்து அங்கணத்தில் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகின நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறினதும் கல்லு மாதிரி ஒரு மணி மிஞ்சும். என்னுடையது மணி. நாலு கலருக்கும் நாலு மணி.

20.5.2024

"கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அக்ரிலிக்கும் கட்டிப்படும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படாது. கம்பளியில் நடப்பது வேறு.

ஆட்டுக் கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகச் செதில் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. வெந்நீரும் சோப்பின் காரமும் பட்டால் இழை ஊறிச் செதில் விரியும். அந்த நேரம் பார்த்து உரசினால் ஒரு இழை இன்னொன்றுக்குள் ஊர்ந்து போகும். முன்னால் போகும், செதில் தடுப்பதால் பின்னால் வராது. போகப் போகச் சுருங்கி இறுகும். இப்படி இறுகினதுதான் ஃபெல்ட். எண்ணெய் காணாத தலை சடை பிடிக்கிறதே, அதற்குப் பக்கத்துச் சொந்தம். சடையையாவது பாடுபட்டால் பிரித்துவிடலாம், இதைப் பிரிக்கவே முடியாது.

கொடைக்கானல் போக வாங்கிய ஸ்வெட்டரை மிஷினில் போட்டு, பொம்மைக்குச் சட்டையாக எடுத்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நானும்தான். அன்றைக்கு நமக்குத் தெரியாமலே ஃபெல்ட் செய்திருக்கிறோம். செதிலை மழுங்கடித்து, மிஷினில் துவைத்தாலும் சுருங்காத கம்பளியும் விற்கிறார்கள். அதுவும் உருண்டைக்கு ஆகாது, வாங்கிவிடாதீர்கள்.

2.6.2024

இன்றைக்கு ஒரு கூத்து.

மானூர்ப் பக்கம் அண்ணன் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கில் ஆடு. கம்பளிக்கு இனி எதற்குத் தபால் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கிடை போட்ட பெரியவரிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் கம்பளி முடி வேணும்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுலம்மா?"

"ஆட்டுலதான்."

"நம்ம ஆட்டுக்கு ஏது தாயி கம்பளி? இது கறிக்குள்ள ஆடு."

நம்ம பக்கத்து கீழக்கரிசல், வேம்பூர் ஆடு எல்லாம் முடி ஆடு. நம்ம வெயிலுக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு அது எங்கே போகும்! உடம்பில் இருப்பது குட்டையான, நேரான, முரட்டு முடி. பெரியவர் பாவம், எனக்காக ஒரு கிடாயைப் பிடித்து வைத்து, கத்தரியால் ரெண்டு கை முடி வெட்டிக் கொடுத்தார். "பிள்ளைக்கு மந்திரிக்கவா?" என்று வேறு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உருண்டைத் தோரணம் என்று விளக்க அந்த வெயிலில் எனக்குத் தெம்பில்லை.

வீட்டில் உருட்டினேன். ஒன்றும் ஒட்டவில்லை. கையெல்லாம் குத்தல். சுருள் இல்லாத தடித்த முடி, பிடித்துக்கொள்ள அதில் வழியில்லை. மெல்லிய கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆட்டு இழை சுமார் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), நம்ம தலைமுடி அதைப் போல மூன்று நான்கு மடங்கு பருமன். மெல்லிசும் சுருளும் இருந்தால்தான் சீக்கிரம் இறுகும்.

தமிழ்நாட்டில் கம்பளி ஆடே இல்லை என்று அர்த்தமில்லை. திருச்சி கறுப்பு, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறும்பை, இதுகளுக்கு முரட்டுக் கம்பளி உண்டு. மெல்லிய கம்பளிக்கு நீலகிரி ஆடு. ஊட்டிக்கு அந்தப் பக்கம் சாண்டிநல்லாவில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குளிர் ஊருக்குத்தான் கம்பளி. கரிசல் காட்டில் போய்த் தேடினது என் புத்தி.

16.6.2024

கம்பளி வந்துவிட்டது. சாயம் போடாத வெள்ளை மெரினோ நூறு கிராம், தபாலோடு ஐந்நூறு ரூபாயைத் தொட்டது. உறையைப் பிரித்ததும் பொங்கி மடியெல்லாம் நிறைந்தது. நூறு கிராமா என்று சந்தேகம் வரும். இருநூறு உருண்டை வரும் போலிருக்கிறது.

செய்த விதம்:

ஒரு சருவத்தில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர். சலவை சோப்பைச் சீவிக் கரைத்தேன். கம்பளியை வெட்டக் கூடாது, விரலால் மெல்லிய இழுவையாக இழுத்தெடுக்க வேண்டும். முதல் இழுவையை இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டு, அடுத்ததைக் குறுக்கே, அதற்கடுத்ததை அதற்குக் குறுக்கே. நூல்கண்டு சுற்றுவோமே, அது போல. உலர்ந்த நிலையில் எலுமிச்சம்பழ அளவு இருந்தால் முடிவில் பெரிய கோலிக்குண்டாக வரும்.

அப்புறம் முக்கி எடுத்து உள்ளங்கையில் உருட்டல். இதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் இரண்டு நிமிஷம் அழுத்தவே கூடாது. கைக்குள் ஒரு குருவிக்குஞ்சு இருக்கிற நினைப்பு வேண்டும். நான் கொழுக்கட்டை பிடிக்கிற வேகத்தில் அமுக்கினேன், முதல் ஆறும் நடுவில் பிளந்து வாதுமைக் கொட்டை மாதிரி ஆனது. பிளந்ததைச் சேர்க்க முடியாது. மேலே புதுசாய் ஒரு இழுவை போர்த்தி மூடலாம், அவ்வளவுதான். மேல்தோல் பிடித்தது கைக்குத் தெரியும்: கொழகொழவென்று இருந்தது திடீரென்று ஒரு உருவத்துக்கு வரும், உள்ளங்கையில் ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகு அழுத்தலாம், எவ்வளவு வேண்டுமானாலும். தண்ணீர் ஆறினால் மாற்றி, திரும்ப முக்கி, திரும்ப உருட்டி. ரவாலட்டுப் பதத்தில் நிறுத்திவிடாதீர்கள், காய்ந்ததும் மயிர் பிரியும். பொரிவிளங்காய்ப் பதம் வேண்டும். நகத்தால் அழுத்தினால் குழி விழக் கூடாது.

கடைசியில் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போக அலசி, அலசுகிற தண்ணீரில் ஒரு மூடி வினிகர். சோப்புக் காரம் தங்கினால் கம்பளி சொரசொரத்துப் போகும்.

அத்தை அதுவரை தூர இருந்து முனகிக்கொண்டிருந்தவள், பத்தாவது உருண்டையில் வந்து உட்கார்ந்து, "தள்ளுட்டி" என்று வாங்கினாள். முதல் உருண்டையே பிசிறில்லாமல் வந்தது. அறுபது வருஷம் சீடை உருட்டின கை.

17.6.2024

திருத்தம். இருநூறு என்று எழுதினது ஆசை. காய்ந்தது 36 உருண்டை. அடுக்களைத் தராசில் நிறுத்தேன், 43 கிராம். அப்படியென்றால் நூறு கிராமுக்கு எண்பது, எண்பத்துமூன்று வந்தால் பெரிசு.

உருண்டைக்கு ஏழு நிமிஷம். அத்தையும் நானும் மாறி மாறி உருட்டி நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடுப்பு போச்சு.

இன்னொரு திருத்தம், இதுதான் முக்கியம்: தொள்ளாயிரம் ரூபாய் கொள்ளை என்று எழுதினேனே, அதை எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த உருண்டைகள் பெரும்பாலும் நேபாளத்தில், காத்மாண்டுப் பக்கம் பெண்கள் கையால் உருட்டுவது. கம்பளி நியூசிலாந்திலிருந்து அங்கே போகிறது. ஒரு மாலைக்கு எத்தனை உள்ளங்கை தேய்ந்திருக்கும் என்று நேற்று ராத்திரி விரலெல்லாம் சுருங்கிக் கிடந்தபோது நினைத்துக்கொண்டேன். அந்தத் தொள்ளாயிரத்தில் உருட்டினவளுக்கு எவ்வளவு போகும் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

பூந்திக்கொட்டையில் செய்யலாமா என்று கேட்டவருக்கு: செய்து பார்த்தேன். நுரை நன்றாக வருகிறது, கை மெத்தென்று இருக்கிறது, உருண்டை மட்டும் இறுக மறுக்கிறது. சலவை சோப்பின் காரம் அதில் இல்லை.

23.6.2024

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கிறிஸ்துமஸ் சமாச்சாரம், நமக்கு எதற்கு" என்று ஒரு அண்ணாச்சி. அண்ணாச்சி, வெள்ளைக்காரனுக்கும் இது பிந்தி வந்த சரக்குதான். சைபீரியாவின் அல்தாய் மலையில் பாசிரிக் என்கிற இடத்தில் உறைபனிக்குள் கல்லறை மேடுகள் கிடைத்தன. 1949-இல் ஐந்தாவது மேட்டைத் தோண்டியபோது ஃபெல்ட்டில் செய்து, உள்ளே அடைத்த அன்னப்பறவைகள் வந்தன. ஏறக்குறைய 2,400 வருஷத்துச் சாமான், இப்போது ரஷ்யாவில் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, கம்பளியை இறுக்கி அழகுச் சாமான் செய்வது ஆடு மேய்க்கிறவன் கை வேலை.

இன்னொன்று படித்து எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்தப் பக்கத்து மேய்ச்சல்காரர்கள் கூடாரத்துக்கு ஃபெல்ட் செய்கிறபோது, கம்பளியை நாணல் பாயில் பரப்பி, வெந்நீர் ஊற்றி, பாயோடு சுருட்டி உருட்டுவார்களாம். பாயா! பத்தமடைக்கு இருபது கிலோமீட்டர் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை பெண் பேர் போட்ட கல்யாணப் பாய் பரணில் இருக்கிறது, அதைத் தொட்டால் அத்தை என்னை உருட்டிவிடுவாள். ஓரம் கிழிந்த சாதாரணக் கோரைப்பாய் ஒன்றை அங்கணத்தில் விரித்தேன். மேல்தோல் பிடிக்கிற வரை கையில் உருட்டி, அப்புறம் பாயில் வைத்து மேலே இன்னொரு பாய்த்துண்டு போட்டுத் தேய்த்தேன். கோரையின் வரி வரியான மேடு நன்றாகப் பிடிக்கிறது. ஒரே நேரத்தில் நாலு உருண்டை, மூணு நிமிஷத்தில் இறுகிவிட்டது. ஏழு நிமிஷக் கணக்கை இனி மறந்துவிடுங்கள்.

14.7.2024

வெள்ளை உருண்டை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அத்தை, "வெள்ளையா நிலைப்படில கட்டக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். சாயப்பொடி வாங்கவில்லை. மறுபடியும் ஒரு சுவரை இழக்க எனக்கு மனசில்லை. மஞ்சள் இருக்கிறதே என்று, மீதிக் கம்பளியில் ஒரு பங்கைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, மஞ்சள்பொடித் தண்ணீரில் பைய சூடு காட்டினேன். கொன்றைப்பூ நிறம் வந்தது, நல்ல பளீர்.

காய்ந்ததை எடுத்து வழக்கம் போல் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். முக்கின கணம் கையில் இருந்தது ரத்தச் சிவப்பு. "எத்தே!" என்று கத்திவிட்டேன். அத்தை எட்டிப் பார்த்து, "ஆலம் கரைச்சு வச்சிருக்கியா?" என்றாள், சாதாரணமாக.

அதேதான். மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் ஆலம் சிவக்கிறதே, சுண்ணாம்பின் வேலையைச் சோப்பின் காரம் செய்திருக்கிறது. கல்யாணமாகி வந்த அன்றைக்கு என் முன்னால் சுற்றின தண்ணீர், பதினாறு வருஷம் கழித்து உள்ளங்கையில் வந்து நிற்கிறது. உருட்டி முடித்து வினிகர் தண்ணீரில் அலசினேன், திரும்பவும் கொன்றைப்பூ. சின்னவள் இதற்காகவே பத்து உருண்டை செய்தாள். சோப்பில் சிவப்பு, வினிகரில் மஞ்சள், சோப்பில் சிவப்பு. நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. ஒரு உருண்டையை ஜன்னல் விளிம்பில் சோதனைக்கு வைத்திருக்கிறேன், தேதி எழுதி.

28.7.2024

ஜன்னல் உருண்டை: வெயில் பட்ட பக்கம் இரண்டே வாரத்தில் வெளுத்துச் சந்தன நிறம். அடிப்பக்கம் அப்படியே கொன்றை. ஆக நிழலில் மட்டும்.

கோத்தாயிற்று. ஊசி நீளமானதாக, தடித்ததாக வேண்டும். சாதா ஊசி உள்ளே போய் அங்கேயே குடியிருக்கிறது. குறடு வைத்துத்தான் இழுத்தேன். ஊசியில் சோப்பைத் தேய்த்துக்கொண்டால் கொஞ்சம் இளகும். நடு மையத்தில் குத்துங்கள், சாய்ந்தால் மாலையில் தலை சாய்ந்தே தொங்கும்.

நூல் எது என்பதில் இங்கே எல்லோரும் ஒவ்வொன்று சொல்கிறீர்கள். தூண்டில் நரம்பு வேண்டாம். உருண்டை அதில் வழுக்கி எல்லாம் நடுவில் வந்து கும்பலாக நிற்கும். பருத்தி நூல் நாலு இழை முறுக்கினது போதும். ஃபெல்ட் நூலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், முடிச்சே தேவையில்லை. ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் 36 உருண்டைக்கு ஆறடி மாலை. நெருக்கமாகக் கோத்தால் அதே ஆறடிக்குத் தொண்ணூறு வேண்டும். விலை பார்க்கிறபோது அடியைப் பார்க்காதீர்கள், உருண்டையை எண்ணுங்கள்.

முதலில் தார்சாவில் கட்டினேன் (புத்தி வரவில்லை). ஆடிக்காற்று. ஒரு ராத்திரியில் மாலை அழிக்கம்பியில் ஏழு சுற்று சுற்றிக்கொண்டது, உருண்டைக்குள் புழுதி. இப்போது பட்டாசல் நிலையில், உள்பக்கமாக. வெளியே மாவிலை, உள்ளே கம்பளி. மாவிலை வாடினால் மாற்றுவோம், அதனால் அதில் தூசி என்ற பேச்சே கிடையாது. இது வாடாது, அதனால் நாம்தான் வாரம் ஒரு தடவை உதற வேண்டும். வாடாத தோரணத்தில் இப்படி ஒரு வேலை இருப்பது எனக்கு முதலில் தோன்றவில்லை.

6.10.2024

கொலு நாலாம் நாள். படிக்கு ஓரமாகக் கட்டலாம் என்று மதினி கொடுத்த பழைய மாலையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பச்சை உருண்டைகளில் ஓட்டை. கையால் தட்டினால் மணல் மாதிரிக் கொட்டுகிறது. அரிசி நீளத்தில் ஒன்று நெளிந்தது.

அந்து. பூச்சி தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். அதற்குச் சாப்பாடு கம்பளி, பட்டு, மயிர். அக்ரிலிக்கைச் சீண்டாது (ஃபேன்ஸி ஸ்டோர் உல்லனுக்கு ஒரு மார்க்). இருட்டும் அசையாமல் கிடப்பதும் அதற்கு வசதி. பட்டாசலில் தொங்குகிற புது மாலையில் ஒன்றுமில்லை. வாரம் ஒரு தடவை உதறுகிறேனே, அதுதான் காரணமாக இருக்கும்.

அந்துருண்டை போடச் சொல்வீர்கள். கம்பளி உருண்டைக்கு அந்துருண்டை, இயைபுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொலு வீட்டில் அந்த நெடி வேண்டாம், சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போடும், அது விஷம். நான் செய்தது: மாலையைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன், ஒரு வாரத்துக்கு. புழுவும் முட்டையும் சாகும். இவர் ஐஸ்கிரீம் எடுக்கப் போய், "இது என்ன கறி?" என்று கேட்டார். பாசிரிக் அன்னம் 2,400 வருஷம் அந்து தின்னாமல் கிடந்தது எதனால் என்று நினைக்கிறீர்கள், ஃப்ரீசரில்தான் கிடந்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஐஸ்கிரீமை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எடுத்து வைக்கும்போது வசம்பும் வேப்பிலையும் போடுகிறேன், அத்தை கணக்குக்கு. என் கணக்குக்கு மூடி இறுகின டப்பா.

14.12.2024

மறுபடியும் டிசம்பர், மறுபடியும் மழை. மூணு நாளாகத் தாமிரபரணியில் தண்ணீர் சீறிக்கொண்டு போகிறது. பட்டாசல் மாலை நனையவில்லை, ஆனால் ஈரக்காற்றில் ஒரு வாடை வருகிறது. சின்னவள் மோந்து பார்த்துவிட்டு, "கிடை தாத்தா வாசம்" என்றாள். உண்மைதான். காற்றிலிருக்கிற ஈரத்தைக் கம்பளி குடிக்கும். வெயில் வந்ததும் தானே போய்விடும், சாம்பிராணி போட்டு மூடாதீர்கள்.

பாளையங்கோட்டைத் தோழி ஒருத்தி கிறிஸ்துமஸ் மரத்துக்கும் குடிலுக்கும் ஐம்பது உருண்டை கேட்டாள். செய்து கொடுத்தேன், எல்லாம் வெள்ளை. அவள் வீட்டில் தவழ்கிற பிள்ளை இருக்கிறது. அதனால் மரத்தின் கீழ் இரண்டு அடிக்கு எதுவும் கட்டாதே என்று சொல்லி அனுப்பினேன். இந்த அளவு உருண்டை பிள்ளை தொண்டைக்குச் சரியாக அடைக்கும். இதை மே மாசமே எழுதியிருக்க வேண்டும்.

விளக்குப் பக்கத்தில் கட்டலாமா என்று கேட்டவருக்கு: கம்பளி சட்டென்று பற்றாது, ஆனால் கோத்த பருத்தி நூல் பற்றும். கார்த்திகைக்கு நான் கழற்றி வைத்துவிட்டேன்.

தென்காசி அக்கா, கேட்டுவிட்டு ஏழு மாசமாக ஆளைக் காணோமே!

19.1.2025

தென்காசி அக்கா எழுதியிருக்கிறார். வாங்கவும் இல்லை, செய்யவும் இல்லை. மகளுக்கு இப்போது வேறு ஆசை, கயிற்றை முடிச்சுப் போட்டுப் பின்னுகிற மக்ரமேயாம். சரி.

பொங்கலுக்கு வெள்ளையடித்தோம், இரண்டு பூச்சு. ரோஜா இன்னும் லேசாகத் தெரிகிறது. மாலையில் எண்ணினால் 36-க்கு 33. சின்னவளைக் கேட்டேன், அழுதாள். எலி என்று நினைத்துப் பொறி வைத்தேன், தேங்காய்ச் சில்லு அப்படியே இருந்தது. நேற்று மத்தியானம் தார்சாவில் தாத்தா படத்துக்குப் பின்னால் கிறீச் கிறீச் என்று சத்தம். படத்தைச் சாய்த்துப் பார்த்தால் அணில் கூடு. தேங்காய் நார், கோரைத் துண்டு, நடுவில் மெத்தையாக என் கம்பளி, ஒன்று பாதி பிய்த்த மஞ்சள். பிரிக்கவே முடியாது என்று மே மாசம் எழுதியிருந்தேன், அதையும் திருத்திக்கொள்ளுங்கள். உள்ளே கண் திறக்காத குஞ்சு மூன்று. படத்தைப் பழையபடி சாய்த்துவிட்டு வந்துவிட்டேன். இன்று காலை எண்ணினேன், 32.